கடனே வாங்கியதில்லை என்கிறீர்கள், அந்த போன் தவணை?

கடிதம் எழுதியிருக்கும் சகோதரிக்கு வயது 27. பண்ருட்டிப் பக்கம் ஒரு கிராமம். புதுச்சேரியின் சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் ஒரு தனியார் கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் எட்டு மாதமாக வேலை பார்க்கிறார். கைக்கு வரும் சம்பளம் 23,500 ரூபாய். லாஸ்பேட்டையில் ஒரு மாடி போர்ஷனில் இரண்டு தோழிகளோடு வாடகைக்கு இருக்கிறார். தம்பி இந்த ஆண்டு இன்ஜினீயரிங் சேர்ந்திருக்கிறான். அவனுக்கு 45,000 ரூபாயில் ஒரு லேப்டாப்பை வட்டியில்லாத் தவணையில் எடுக்கலாம் என்று கிரெடிட் கார்டுக்கு விண்ணப்பித்திருக்கிறார். இரண்டே மாதத்தில் நான்கு வங்கிகள். நான்கும் கைவிரித்துவிட்டன. சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியும் அதில் ஒன்று. வந்த மெயில்களில் 'வங்கியின் உள் கொள்கைப்படி ஏற்க இயலவில்லை' என்ற ஒரு வரிதான்.

"நான் இதுவரை ஒரு ரூபாய் கடன் வாங்கியதில்லை சார். அப்படிப்பட்டவளுக்குத்தானே முதலில் கொடுக்க வேண்டும்?" என்று கேட்கிறார். ஒரு ஏஜென்ட் 4,500 ரூபாய் கொடுத்தால் சிபில் ஸ்கோரை ஏற்றித் தருவதாகச் சொல்கிறாராம். அக்கா வீட்டுக்காரர் தன் கார்டு கணக்கிலேயே ஒரு ஆட்-ஆன் கார்டு, அதாவது துணைக் கார்டு, போட்டுத் தரட்டுமா என்கிறாராம். தோழி ஒருத்தி, மொபைல் ஆப்பில் சின்னக் கடன் ஒன்று எடுத்துக் கட்டினால் ஸ்கோர் வந்துவிடும் என்கிறாளாம். அம்மா மகளிர் குழுவில் வாங்கிய கடன் தன் பெயரைக் கெடுத்திருக்குமோ என்ற பயமும் இருக்கிறது. அடுத்த மாதம் சீட்டுப் பணம் 25,000 வருகிறது, அதை என்ன செய்யலாம் என்பது கடைசிக் கேள்வி.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நீங்கள் முக்கியம் என்று நினைக்காமல் எழுதிய இரண்டு வரிகள்தான் என் கண்ணில் முதலில் பட்டன. ஒன்று: "மூன்று வருஷத்துக்கு முன்னால் கடலூரில் ஒரு கடையில் தவணையில் போன் வாங்கினேன். கடைசி மாதம் மட்டும் பழைய கணக்கில் பணம் இல்லை. கடையில் கேட்டதற்கு ஒன்றும் பிரச்சினை இல்லை என்று சொல்லிவிட்டார்கள்." இன்னொன்று கடிதத்தின் அடியில் இருக்கிறது. தம்பியின் கல்விக் கடனுக்கு அப்பாவோடு சேர்ந்து உங்களையும் கையெழுத்துப் போட வங்கியில் கூப்பிட்டிருக்கிறார்கள்.

போன் தவணை கடன்தான், சகோதரி. கடையில் ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்திருந்தவர் கடைக்காரரின் ஆள் இல்லை; நிதி நிறுவனத்தின் ஆள். உங்கள் பான் எண்ணை வாங்கி, ஓடிபி கேட்டு, மாதாமாதம் கணக்கிலிருந்து பணம் எடுக்க அனுமதி வாங்கியிருப்பார். அன்றைக்கே உங்கள் பெயரில் ஒரு கடன் கணக்கு தொடங்கிவிட்டது. பழைய கம்பெனியை விட்டதும் அந்தச் சம்பளக் கணக்கு காலியாகியிருக்கிறது. கடைசித் தவணை திரும்பியிருக்கிறது. கடைக்காரருக்கு அவருடைய பணம் முதல் நாளே வந்துவிட்டது. அவரைப் பொறுத்தவரை பிரச்சினை இல்லை என்றது உண்மைதான். நிதி நிறுவனத்தின் கணக்கில் அந்தத் தவணையும், திரும்பியதற்கான கட்டணமும், அதன்மேல் அபராதமும் இன்னும் நிற்கிறதா என்பதுதான் கேள்வி.

நிற்கிறது என்று நான் அடித்துச் சொல்லவில்லை. பிறகு ஏதாவது ஒரு நாள் பணம் எடுத்துக்கொண்டு கணக்கை முடித்திருக்கவும் கூடும். பார்த்தால்தான் தெரியும். நான்கு வங்கிகள் உங்கள் கடன் வரலாற்று அறிக்கையைப் பார்த்துவிட்டன. நீங்கள் இன்னும் ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. ஐந்தாவது வங்கிக்குப் போவதை முதலில் நிறுத்துங்கள்.

அறிக்கையை எடுத்துப் பாருங்கள்

நாம் பொதுவாக சிபில் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். யார் என்ன கடன் வாங்கினார், எப்படிக் கட்டினார் என்று பதிவு செய்து அறிக்கையும் ஸ்கோரும் தருபவை இந்தியாவில் நான்கு நிறுவனங்கள்: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க். ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அவர்களுடைய சொந்தத் தளத்தில் பான் எண், மொபைல் எண் போன்ற விவரங்களைக் கொடுத்து எடுக்கலாம். மாதச் சந்தா கட்டச் சொல்லி நடுநடுவே பக்கங்கள் வரும். அவற்றைத் தாண்டிப் போங்கள். நம் அறிக்கையை நாமே பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. ஒவ்வொரு முறை விண்ணப்பிக்கும்போதும் வங்கி பார்க்கிறதே, அதுதான் பதிவாகும். இரண்டு மாதத்தில் நான்கு பதிவு என்றால், பணத்துக்கு அலைகிறார் என்றுதான் அடுத்த வங்கி நினைக்கும்.

ஸ்கோர் 300-லிருந்து 900 வரை. 750-க்கு மேல் இருந்தால் வங்கிகள் பொதுவாகத் தயங்குவதில்லை. கடன் வரலாறே இல்லாதவருக்கு சிபிலில் எண்ணுக்குப் பதிலாக 'மைனஸ் 1' என்றோ 'என்ஹெச்' என்றோ வரும். அது கெட்ட ஸ்கோர் இல்லை, வெற்றுத்தாள். வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முதல்முறை கடன் கேட்பவரைத் தள்ளக்கூடாது என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. 2025-ல் மத்திய அரசும் நாடாளுமன்றத்தில் இதையே சொன்னது. ஆனாலும் வெற்றுத்தாளைப் பார்த்தால் வங்கி கொஞ்சம் யோசிக்கும். கடனே வாங்காதவருக்குத்தான் முதலில் கொடுக்க வேண்டும் என்பது நம் வீட்டு நியாயம். ஒருவர் வாங்கியதை ஒழுங்காகத் திருப்பிக் கட்டினாரா என்பதுதான் வங்கிக்குத் தெரிய வேண்டும்.

உங்கள் அறிக்கையில் போன் கடனுக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 'குளோஸ்டு' என்றால் நிம்மதி. நிலுவைத் தொகை காட்டினால், அது 600 ரூபாயாக இருந்தாலும் 2,000 ரூபாயாக இருந்தாலும், நேராக அந்த நிதி நிறுவனத்தில் முழுதாகக் கட்டுங்கள். வசூல் ஆள் போனில் வந்து, "பாதி கட்டுங்க மேடம், செட்டில் பண்ணிடலாம்" என்பார். வேண்டாம். அப்படிக் கட்டினால் அறிக்கையில் 'செட்டில்டு' என்று ஏறும். முழுசாகக் கட்டாமல் பேரம் பேசி முடித்தவர் என்று அதற்குப் பொருள். சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் பல வருஷம் இழுக்கும் வார்த்தை அது. அபராதம் அநியாயம் என்று தோன்றினால் அதைத் தள்ளுபடி செய்து 'குளோஸ்டு' என்றே போடச் சொல்லி மெயிலில் கேளுங்கள், சின்னத் தொகைக்குச் சிலர் ஒத்துக்கொள்வார்கள். கட்டியதும் பாக்கி இல்லை என்ற சான்றிதழை, அதாவது என்ஓசியை, வாங்காமல் விடாதீர்கள்.

பணம் கட்டிய பிறகும் அறிக்கை மாறவில்லை என்றால், அந்தத் தளத்திலேயே திருத்தம் கேட்டு விண்ணப்பிக்கலாம். அதற்குக் கட்டணம் கிடையாது. 30 நாளுக்குள் முடிக்க வேண்டும். தாமதமானால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு. இப்போது உங்கள் ஏஜென்டைப் பாருங்கள். அவர் 4,500 வாங்கிக்கொண்டு செய்யப் போவது இந்த இலவச விண்ணப்பத்தைத்தான், அதுவும் செய்தால். உண்மையாக இருக்கும் நிலுவையை எந்த ஏஜென்டாலும் அழிக்க முடியாது. இதில் உங்கள் ஓடிபியை வேறு கேட்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். பணம் போனாலும் பரவாயில்லை, அந்த ஓடிபி போகக்கூடாது. ஏற்கெனவே கொடுத்திருந்தால் வங்கிக் கணக்கை உடனே பாருங்கள். ஏதாவது பணம் போயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அன்றைக்கே சொல்லுங்கள்.

அம்மாவின் குழுக் கடனுக்கு வருகிறேன். அது அம்மா பெயரில்தான் இருக்கும். நீங்கள் இணைக் கடனாளியாகவோ ஜாமீனாகவோ கையெழுத்துப் போடாத வரை உங்கள் அறிக்கைக்கு வராது.

காரணம் கேட்பது உங்கள் உரிமை

விண்ணப்பத்தை நிராகரித்தால் குறிப்பிட்ட காரணத்தை எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும் என்று கிரெடிட் கார்டுகள் குறித்து ரிசர்வ் வங்கி 2022-ல் கொண்டுவந்த நெறிமுறை சொல்கிறது. 'உள் கொள்கை' என்பது காரணம் இல்லை. சம்பளக் கணக்கு இருக்கும் வங்கிக்கு மட்டும் ஒரு மெயில் போடுங்கள்: "என் விண்ணப்ப எண் இது. இந்தத் தேதியில் நிராகரித்திருக்கிறீர்கள். எந்தக் குறிப்பிட்ட காரணத்துக்காக என்பதை எழுத்துமூலம் தெரிவிக்கவும்." அவ்வளவு போதும். கோபமாக எழுத வேண்டாம். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்தது மழுப்பலாக இருந்தாலோ, ரிசர்வ் வங்கியின் ஓம்பட்ஸ்மேனிடம், அதாவது குறைதீர்ப்பாளரிடம், ஆன்லைனில் புகார் செய்யலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. ஆனால் ஒன்று: காரணத்தைச் சொல்லச் சொல்லி அவர் வங்கியைக் கேட்பார், கார்டு கொடு என்று உத்தரவு போட மாட்டார். யாருக்குக் கடன் தருவது என்பது வங்கியின் வியாபார முடிவு. சம்பளம் விழுகிற வங்கி என்பதால் கார்டு கொடுத்தாக வேண்டும் என்பதும் கிடையாது.

போன் கடன் தவிர வேறு மூன்று காரணங்களும் இருக்கலாம். நான் வங்கியில் இருந்த காலத்தில், விண்ணப்பதாரர் நினைத்துக்கூடப் பார்க்காத இந்த மாதிரி விஷயங்களில்தான் பல மனுக்கள் அடிபட்டன.

முகவரி: ஆதாரில் ஊர் முகவரி, இருப்பது லாஸ்பேட்டை, வேலை சேதராப்பட்டு. ஒரு பின்கோடு 607-ல் தொடங்குகிறது, இன்னொன்று 605-ல். வங்கியிலிருந்து வீட்டைப் பார்க்க வந்தவரிடம் கீழ்வீட்டு அம்மா, "அப்படி யாரும் இங்கே இல்லையே" என்று சொல்லி அனுப்பியதாக எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு நீங்கள் 'மாடி வீட்டுப் பாப்பா' மட்டும்தான். இதைப் படித்துச் சிரித்தேன், ஆனால் வந்தவர் அதை அப்படியே 'முகவரி உறுதியாகவில்லை' என்று எழுதிக்கொண்டு போயிருப்பார். ஆதாரைப் புதுச்சேரிக்கு மாற்றினால் ஊர் ரேஷன் கார்டில் சிக்கல் வருமோ என்ற உங்கள் தயக்கம் புரிகிறது. மாற்றித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. இப்போதைய முகவரியைத் தனியாகக் கொடுத்து, வாடகை ஒப்பந்த நகலை இணையுங்கள். வேறு என்ன சான்று ஏற்பார்கள் என்று கிளையிலேயே கேட்டுவிடுங்கள். அப்புறம், கீழ்வீட்டு அம்மாவிடம் உங்கள் முழுப்பெயரைச் சொல்லி வையுங்கள்.

பெயர்: ஆதாரில் பெயருக்கு முன்னால் ஓர் இனிஷியல். பான் கார்டில் பெயருக்குப் பின்னால் அப்பாவின் முழுப்பெயர். வங்கிக் கணக்கில் இனிஷியல் கடைசியில். நம்மூரில் பாதிப் பேருக்கு இப்படித்தான். கணினி இதை மூன்று பேராகப் பார்க்கும் அபாயம் உண்டு. விண்ணப்பத்தில் எப்போதும் பான் கார்டில் உள்ளபடியே எழுதுங்கள், வங்கிக் கணக்கிலும் அதே மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள்.

கணக்கில் தங்கும் பணம்: சம்பளம் விழுந்த மறுநாளே 12,000 அம்மாவுக்கு ஜிபே, வாடகை, சீட்டு என்று போய் நாலாம் தேதி கணக்கில் 900 ரூபாய் நிற்கிறது என்கிறீர்கள். வீட்டுக்கு அனுப்புவதைக் குறை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் வங்கி பார்ப்பது அந்த 900-ஐத்தான். அம்மாவுக்கு இரண்டு தவணையாக, 2-ம் தேதி ஒன்று, 15-ம் தேதி ஒன்று என்று அனுப்பிப் பாருங்கள். செலவு ஒரு பைசா கூடாது, மாதச் சராசரி இருப்பு மட்டும் கூடும்.

கார்டை விடப் பெரிய விஷயம்

கல்விக் கடன் கையெழுத்தைத்தான் சொல்கிறேன். நீங்கள் இணைக் கடனாளியாகக் கையெழுத்துப் போட்டால் உங்கள் அறிக்கையையும் வங்கி பார்க்கும். கார்டு கிடைக்காவிட்டால் ஒரு வருத்தத்தோடு போய்விடும். பழைய போன் பாக்கி ஒன்று தம்பியின் கல்விக் கடனில் குறுக்கே வந்து நின்றால் வீடே கலங்கும். அதனால் அறிக்கை எடுப்பதை இந்த வாரமே செய்யுங்கள், வங்கிக்குக் கையெழுத்துப் போடப் போவதற்கு முன்னால்.

இன்னொன்றையும் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள். 'சும்மா ஒரு கையெழுத்து' என்று எதுவும் கிடையாது. அது உங்கள் கடனும்கூட. பொதுவாகப் படிப்பு முடிந்து ஒரு வருஷம் கழித்துத் தவணை தொடங்கும். தம்பி கட்டத் தவறினால் உங்கள் அறிக்கையில் ஏறும், உங்கள் கல்யாணத்துக்குப் பிறகும் ஏறும். போடாதீர்கள் என்று சொல்லவில்லை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் போட்டிருப்பேன்.

இதிலேயே உங்கள் லேப்டாப்புக்கும் வழி இருக்கிறது. படிப்புக்குத் தேவை என்றால் கணினியின் விலையையும் கல்விக் கடனில் சேர்க்கலாம். வங்கிகள் பின்பற்றும் மாதிரித் திட்டத்திலேயே அதற்கு இடம் உண்டு. கடையில் ஒரு கொட்டேஷன் வாங்கி, கல்லூரியில் தேவை என்று ஒரு கடிதமும் வாங்கி விண்ணப்பத்தோடு வையுங்கள். 4 லட்சம் வரை கடனுக்குக் கைப்பணம் போட வேண்டியதில்லை, 7.5 லட்சம் வரை சொத்து அடமானமும் கேட்பதில்லை. முதல் வருஷத்திலேயே லேப்டாப் வேண்டுமா என்பதையும் துறையில் விசாரித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பையன்கள் சொல்லும் அவசரமும் வாத்தியார் சொல்லும் அவசரமும் ஒன்றாக இருக்காது.

உங்களுக்குக் கார்டு கிடைத்திருந்தாலும் அதில் இந்த லேப்டாப் வாங்கியிருக்க முடியுமா என்பதே சந்தேகம். முதல் கார்டுக்குப் பெரும்பாலும் சின்ன வரம்புதான் தருவார்கள். தவணையில் வாங்கினால் முழு விலையும் வரம்பிலிருந்து அடைபடும். 'வட்டியில்லா' தவணையிலும் பிராசஸிங் கட்டணம் உண்டு, தள்ளுபடியாகக் காட்டும் வட்டிப் பங்கின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு.

சரி, கார்டு எப்படிக் கிடைக்கும்?

அறிக்கை சுத்தமாக இருந்தாலும், வெற்றுத்தாளாக இருந்தாலும், நான் சொல்வது எஃப்.டி., அதாவது நிரந்தர வைப்பு, வைத்து வாங்கும் கார்டு. சீட்டுப் பணம் 25,000-ல் 20,000-ஐ வங்கியில் எஃப்.டி. போடுங்கள். அதன்மேல் முக்கால் பங்கிலிருந்து தொண்ணூறு சதவீதம் வரை வரம்பு வைத்து கார்டு தருவார்கள். சம்பளச் சீட்டு, கம்பெனி தரம், எட்டு மாத சர்வீஸ் என்று அதிகம் துருவ மாட்டார்கள். எஃப்.டி.க்கு வட்டி வந்துகொண்டே இருக்கும், ஆனால் கார்டை மூடும்வரை அந்தப் பணத்தை எடுக்க முடியாது. ஆயுள் முழுக்க ஆண்டுக் கட்டணம் இல்லாத கார்டாகக் கேளுங்கள். ரூபே கார்டு என்றால் யூபிஐயில் இணைத்துப் பெட்டிக்கடை கியூஆர் கோடிலும் கொடுக்கலாம். மீதி 5,000-ஐக் கணக்கிலேயே விடுங்கள்.

வரம்பு 16,000 என்றால் மாதம் 4,000, 5,000-க்கு மேல் தேய்க்காதீர்கள். பஸ் பாஸ், கேஸ், மொபைல் ரீசார்ஜ் என்று ஏற்கெனவே செய்யும் செலவையே அதில் போட்டு, கடைசித் தேதிக்குள் முழுதாகக் கட்டுங்கள். ஆறு மாதத்தில் ஸ்கோர் உருவாக ஆரம்பிக்கும். ஒரு வருஷம் இப்படிப் போனால் சாதாரணக் கார்டுக்கு வங்கியே கூப்பிடவும் கூடும்.

'மினிமம் டியூ' என்று பில்லில் ஒரு தொகை இருக்கும், பெரும்பாலும் 5 சதவீதம். அதைக் கட்டினால் தாமதக் கட்டணம் இல்லை, அவ்வளவுதான். ஒரு கணக்குப் பாருங்கள். பின்னால் வரம்பு கூடி, ஜூன் 5-ம் தேதி 20,000 ரூபாய்க்கு வாங்குகிறீர்கள். ஜூன் 20 பில், ஜூலை 10 கடைசி நாள். 1,000 மட்டும் கட்டுகிறீர்கள். மாதம் 3.5 சதவீத வட்டி, வாங்கிய நாளிலிருந்தே. ஜூலை 20 பில்லில் வட்டி சுமார் 1,024, அதன்மேல் ஜிஎஸ்டி 184. ஆயிரம் கட்டிய பிறகு நிற்கும் கடன் 20,208. ஏடிஎம்மில் கார்டைப் போட்டுப் பணம் எடுத்தால் இன்னும் மோசம்; எடுத்த நிமிஷத்திலிருந்து வட்டி, தனியாக ஒரு கட்டணம்.

அக்கா வீட்டுக்காரரின் ஆட்-ஆன் கார்டு வேண்டாம். அதில் பொறுப்பு முழுக்க அவருடையது. நீங்கள் எவ்வளவு ஒழுங்காகக் கட்டினாலும் பெயர் பொதுவாக அவருக்குத்தான் சேரும். ஒரு மாதம் தவறினால் அவர் ஸ்கோர் போகும், அக்காவுக்கு நடுவில் நின்று பேச வேண்டி வரும். ஆப் கடன் அதைவிட வேண்டாம். தேவையில்லாமல் வட்டி கட்டி வரலாறு வாங்குவது ஒருபுறம். போனில் உள்ள நம்பர்களையும் படங்களையும் எடுத்துக்கொண்டு மிரட்டும் போலி ஆப்களும் அந்தக் கூட்டத்தில் இருக்கின்றன.

அறிக்கை கைக்கு வந்ததும் போன் கடனுக்கு எதிரே 'செட்டில்டு' என்றோ 'ரிட்டன் ஆஃப்' (வராக்கடன் என்று கணக்கிலிருந்து நீக்கியது) என்றோ இருந்தால், அந்தப் பக்கத்தை மட்டும் பான் எண்ணை மறைத்து எனக்கு அனுப்புங்கள், நிதி நிறுவனத்துக்கு என்ன எழுதுவது என்று சேர்ந்து பார்ப்போம். இரண்டும் இல்லையென்றால் எனக்கு எழுத வேண்டியதில்லை. சீட்டுப் பணம் வந்ததும் எஃப்.டி. போடக் கிளம்பிவிடுங்கள்.